பக்கவாத வார்டில் வியாழக்கிழமையை நிறுத்தியவர்களுக்கு

கொங்கு மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் அலுவலர்களுக்கு,

பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களும், பிசியோதெரபி தருகிறவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்கள் பொறுப்பில் உள்ள ஒரு மருத்துவமனையில் வியாழக்கிழமை தோறும் மதியத்துக்கு மேல், வாதம் வந்து மீண்டவர்கள் வார்டுக்கு வருவார்கள். புதிதாகப் படுத்திருப்பவரிடமும் அவர் வீட்டாரிடமும் பேசுவார்கள், செய்து காட்டுவார்கள். "நோயாளியின் உறவினர் தவிர வேறு யாரும் வார்டுக்குள் வரக்கூடாது" என்று ஒரு வாய்மொழி உத்தரவு வந்தது. அதோடு அது நின்றுபோனது. அவர்கள் பயிற்சி காட்டிய அறையில் இப்போது பழைய நோயேட்டுக் கட்டுகளும் கால் உடைந்த கட்டில்களும் கிடக்கின்றன. காரணத்தை எழுத்தில் கேட்டோம், பதில் வரவில்லை. தொற்று பரவும், கூட்டம் சேரும் என்று சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். நியாயமான கவலைதான். அதற்கு வழி இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறோம். அதற்கு முன், நீங்கள் நிறுத்தியது எதை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் சில மணி நேரத்தைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. வாய் கோணிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியைக் குழாய் விட்டு எடுக்க முடியும். 108 வண்டி ஓட்டுகிறவரிலிருந்து ஸ்கேன் அறை ஊழியர் வரை அந்த நேரத்தில் ஓடுகிற ஓட்டத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தான் ஒருவர் சமவெளிக்கு வந்து சேர வேண்டும். அப்படி வந்தவரையும் உங்கள் மருத்துவர்கள் காப்பாற்றி அனுப்புகிறார்கள். எங்கள் முறையீடு அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

உயிர் தப்பியவர் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார். கையில் ஒரு சீட்டு. ரத்த அழுத்தத்துக்கு, கொழுப்புக்கு, ரத்தம் கட்டாமல் இருப்பதற்கு என்று மாத்திரைகள் வரிசையாக எழுதியிருக்கும். அடியில் ஒரே ஒரு வரி: "பிசியோதெரபி தொடரவும்." யாரிடம், எங்கே, என்ன பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஒன்றும் இருக்காது. தோட்டத்துச் சாளையில் புருசனும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கிற வீட்டில், மகன் திருப்பூரில் ஷிப்ட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்?

முதலில் தவறு நடக்கும் இடம் தோள். எழுப்பி உட்கார வைக்க வேண்டும் என்றதும் யாருக்கும் வருவது கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும்தான். வாதம் அடித்த பக்கத்தில் தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. அந்தக் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு இழுப்பு போதும், எலும்பு கிண்ணத்தை விட்டு நழுவும், சுற்றியுள்ள சவ்வும் நாரும் கிழியும். தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரியும். சில வாரம் கழித்து வலி தொடங்கும். வலி வந்த கையை நோயாளி அசைக்க விடமாட்டார். அசைக்காத கை இறுகும். மூளை மறுபடி பழகத் தயாராக இருக்கும் மாதங்களில் கை கட்டிப்போட்டது போல் கிடக்கும்.

சரியான முறையைக் கற்றுக்கொள்ள பத்து நிமிடம் போதும். படுத்திருப்பவர் நல்ல காலை, அசைய வராத காலுக்கு அடியில் கொடுத்து அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல கையால் வராத கையை நெஞ்சின் மேல் அணைத்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்கிறவர் ஒரு கையைத் தோள்பட்டைக்குப் பின்னாலும் இன்னொரு கையை இடுப்பிலும் வைத்து நல்ல பக்கமாக ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். கால்கள் கட்டிலை விட்டு இறங்க இறங்க, நோயாளி நல்ல முழங்கையை ஊன்றி எழுவார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டுமென்றால் நாற்காலியை நல்ல பக்கத்தில் சற்றே சாய்வாகப் போட வேண்டும். ஒரு துண்டை நாலாக மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டி, அதைத்தான் பிடிக்க வேண்டும், கையை அல்ல. உங்கள் முழங்காலை அவருடைய வராத முழங்காலுக்கு முட்டுக் கொடுங்கள். அவர் மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியட்டும், பிறகு எழட்டும். குனியாமல் நேராக எழப் பார்ப்பதால்தான் பலர் பின்னால் சாய்ந்து விழுகிறார்கள். கயிற்றுக் கட்டில் இதற்கு ஆகாது. நடுவில் தொய்ந்து இடுப்பு உள்ளே போய்விடும், எழவும் முடியாது, புட்டத்தில் புண்ணும் வரும். பலகைக் கட்டில், முழங்கால் உயரம், அதன் மேல் கெட்டியான மெத்தை. படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

இதைத்தான் வியாழக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தார்கள். கணவரை ஒரு வருடமாகத் தூக்கிப் பழகிய ஒரு பெண், நேற்று வந்த பெண்ணிடம், "கையப் புடிச்சு இழுக்காத அம்மிணி, துண்டைப் புடி, முழங்காலை முட்டுக் குடு" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார். அச்சடித்த காகிதத்தில் அது வராது. வார்டில் ஒரே நேரத்தில் நாற்பது பேரைப் பார்க்கும் செவிலியருக்கும் அதற்கு நேரம் இருக்காது.

அடுத்தது விழுங்குவது. வாதம் வந்தவரின் தொண்டையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பார்க்க வந்த ஒறம்பரை "வெறும் வாயோட கெடக்கிறாரே" என்று ஒரு மடக்கு காபி ஊற்றுவார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், நாலு நாளில் நிமோனியா. வாய் வழியே எதுவும் கொடுக்கும் முன் விழுங்கும் சோதனை நடந்தாக வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, பயிற்சி பெற்றவர் முன்னிலையில், முதலில் கரண்டியால், பிறகு 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வது. இருமல் வந்தாலோ, குடித்தபின் குரல் தொண்டையில் நீர் நிற்பது போல் கரகரத்தாலோ சோதனையில் தேறவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்குத் தண்ணீரும் நீர் மோரும்தான் அதிக ஆபத்து. கெட்டியான ராகிக் கூழ் சிலருக்கு இறங்கும், அதையும் சோதித்தவர் சொன்னபிறகே கொடுக்க வேண்டும். "தண்ணியாவது குடுக்கலாமில்லீங்க?" என்று கேட்காத வீடே இல்லை, அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாடையைச் சற்றே நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்னக் கரண்டியில், ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாயக்கூடாது. வாதம் அடித்த பக்கக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கும், அவருக்கே தெரியாது. விரலில் ஈரத் துணி சுற்றித் துடைத்து எடுக்க வேண்டும். இந்தச் சோதனை நடந்ததா, என்றைக்கு, முடிவு என்ன என்று நாங்கள் பார்த்த சீட்டுகள் ஒன்றில்கூட எழுதியிருக்கவில்லை.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறோம். அவசரப்படுவதும் தவறு. முதல் 24 மணி நேரத்திலேயே எழுப்பி அதிகமாக நடமாட வைத்தால் நல்லதற்குப் பதில் கெடுதல் கூடுகிறது என்று 2015இல் வெளியான, 2,104 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு காட்டியது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி. பெரிய முன்னேற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வருகிறது. அதோடு முடிந்துபோவதில்லை, வருடங்கள் கழித்தும் சிறுகச் சிறுக வரும். ஆனால் அந்த மூன்று மாதத்தை வீணாக்கினால் பிறகு இரண்டு மடங்கு உழைக்க வேண்டும்.

மூளையில் செத்த பகுதி திரும்ப முளைக்காது. பக்கத்தில் இருக்கும் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்கின்றன, அதற்குத் தேவை எண்ணிக்கை. விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மூளையில் மாற்றம் தெரிய ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒரே அசைவைச் செய்ய வைத்தார்கள். வெளிநாட்டு மருத்துவமனைகளில் பயிற்சி அமர்வுகளை எண்ணிப் பார்த்தபோது கைக்குக் கிடைத்தது அமர்வுக்குச் சராசரியாக 32 தடவை. நம் ஊரில் வாரத்துக்கு ஒரு நாள் வாடகை வண்டி பிடித்து வந்து, வரிசையில் நின்று, 15 நிமிடம் பயிற்சி செய்துவிட்டுப் போகிறவருக்கு எத்தனை கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீதியை வீட்டில்தான் சேர்க்க வேண்டும், அதுவும் வீட்டு வேலையாகவே சேர்க்க வேண்டும்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது பத்துப் பத்தாக, நாளைக்கு ஐந்து வேளை. அதிலேயே 50 ஆகிறது. முழங்கையை மேசையில் ஊன்றிக் கடலைக்காயை ஒரு வட்டிலிலிருந்து இன்னொரு வட்டிலுக்கு மாற்றுவது, மடித்த பனியனை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது, மஞ்சள் கிழங்கைப் பெரிது சிறிதாகப் பிரிப்பது. தறி ஓட்டியவருக்கு முதலில் தாம்புக் கயிற்றில் முடிச்சு, அது வந்தபின் சணல், பிறகு தடித்த நூல், கடைசியில் பாவு நூல். விரல் தனக்குத் தெரிந்த தொழிலை வெறும் பயிற்சியை விடச் சீக்கிரம் ஞாபகப்படுத்திக்கொள்கிறது. முடிச்சு வரும் நாள் அந்த வீட்டுக்கே பண்டிகை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பிசியோதெரபி அறைகளில் இன்னும் கூரையிலிருந்து கப்பி தொங்குகிறது. நல்ல கையால் கயிற்றை இழுத்து வராத கையை மேலே தூக்கச் சொல்கிறார்கள். தோள்பட்டை எலும்பு சேர்ந்து சுழலாமல் கை மட்டும் மேலே போவதால் மூட்டுக்குள் சதை நசுங்குகிறது, தோள் வலி கூடுகிறது. வாதக் கைக்குக் கப்பி வேண்டாம் என்பது பிசியோதெரபி பாடத்திலேயே இருக்கிறது. அதேபோல் எல்லார் கையிலும் ஒரு ஸ்பான்ஜ் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது. வாதக் கை தானாகவே மூடிக்கொள்ளும், அதற்கு வராதது விரிவது. விரிக்கத்தான் பயிற்சி வேண்டும்: ஈரத் துண்டை மேசையில் உள்ளங்கையால் தள்ளி விரிப்பது, டம்ளரைப் பிடித்து, பிறகு விடுவது.

விரல் அசையவே இல்லை என்றாலும் கண்ணாடி இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டப்பட்ட கையில் வலி உணர்கிறவர்களுக்காக 1990களில் கண்டுபிடித்த முறை அது, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. சட்டம் போட்ட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நெஞ்சுக்கு நேராகச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். வராத கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியில் பார்க்க, வராத கை அசைவதாக மூளைக்குத் தோன்றும். மறைந்திருக்கும் கையையும் கூடவே அசைக்க முயல வேண்டும். நாளைக்கு அரை மணி நேரம். மோதிரம், கடிகாரம், காப்புக் கயிறு எல்லாவற்றையும் நல்ல கையிலிருந்து கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் தெரிவது வராத கை என்று மனம் ஒப்பாது. பாத்திரக் கடையில் வாங்கும் கண்ணாடியே போதும்.

பேச்சு போனவர்களின் துயரம் தனி. எல்லாம் புரியும், வார்த்தை மட்டும் வராது. வீட்டில் அவருக்குக் காது கேட்கவில்லை என்று கத்துவார்கள், அல்லது புத்தி பேதலித்துவிட்டது என்று ஒதுக்குவார்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். பேச வராதவர்களில் பலருக்குப் பாட வரும். பழகிய திருப்புகழோ பழைய பாட்டோ அடி பிசகாமல் வரும். அந்த மெட்டில் ஏற்றித்தான் "தண்ணி வேணும்" என்பதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்கு ஸ்பீச் தெரபிஸ்ட் தேவை. தாலுகா மருத்துவமனைக்குப் போகிறவருக்கு அவரைப் பார்க்கவே கிடைப்பதில்லை.

வழி தெரியாத வீடு புறா ரத்தம் தடவப் போகிறது, எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் போகிறது. தளர்ந்த தோளை உருவி இழுத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டோம். அதைவிட மோசம், அங்கே போனதும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது. அடுத்த வாதம் அந்த இடைவெளியில்தான் வருகிறது. ஆனால் போகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. அங்கே ஒருவர் தொட்டுப் பார்க்கிறார், "சரியாப் போயிரும் சாமி" என்கிறார். வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனச்சோர்வில் விழுகிறார். சாப்பிடமாட்டேன், எழமாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவருக்கு எந்தப் பயிற்சி முறையும் உதவாது.

அவரை இந்தப் பக்கம் திருப்பியது வியாழக்கிழமைதான். நாலு கால் ஊன்றுகோலுடன், கணுக்காலில் பிளாஸ்டிக் தாங்கியுடன் ஒருவர் தானே நடந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்வார். தன் கையை நீட்டிக் காட்டுவார். "இந்த ரெண்டு வெரலு இன்னும் விரியாதுங்க. ஆனா தறிக்குப் போறனுங்க." படுத்திருப்பவர் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான் கேள்விகள் வரும்: கக்கூஸ் போவது எப்படி, சட்டை போடுவது எப்படி, வேலைக்குத் திரும்பப் போனால் என்ன சொல்வார்கள்.

இதிலும் கெடுதல் நடக்க முடியும், அதை மறைக்க விரும்பவில்லை. "நான் மூணு மாசத்துல நடந்துட்டேன், நீ ஏன் நடக்கல" என்று ஒருவர் சொன்னால் அது நோயாளியை உடைத்துவிடும். அடைப்பு எந்த இடத்தில், எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே நாங்களே கட்டுப்பாடு வைத்திருந்தோம். தேதி சொல்லக்கூடாது. தனக்கு இன்னும் திரும்பாததையும் காட்ட வேண்டும். மருந்து, எண்ணெய், வைத்தியர் பெயர் எதுவும் வாயில் வரக்கூடாது. வலப் பக்கம் விழுந்து பேச்சு போனவரிடம் அதே பாதிப்பு இருந்தவரை அனுப்ப வேண்டும். முதல் சந்திப்பு 20 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. பொறுப்புச் செவிலியர் காட்டிய கட்டிலைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது. மீண்டவரோடு, அவரைப் பார்த்துக்கொண்டவரும் வர வேண்டும், ஏனெனில் பாதிக் கேள்விகள் அந்த வீட்டம்மாவுக்குத்தான்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

வாய்மொழி உத்தரவைத் திரும்பப் பெற்று, வியாழக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை எழுத்து மூலம் அனுமதி தாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் மட்டும், மருத்துவமனை தரும் அடையாள அட்டையுடன், கை கழுவி, முகக்கவசத்துடன் வருவார்கள். சளி இருமல் உள்ளவர் அந்த வாரம் வரமாட்டார். பிசியோதெரபிஸ்ட்டும் செவிலியரும் சேர்ந்து அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். தகுதி இல்லை என்று நீங்கள் கருதுகிறவரை நீக்கும் உரிமை உங்களுடையது. அந்த அறையைக் காலி செய்து கொடுங்கள். எங்களுக்குத் தேவை ஒரு பலகைக் கட்டில், கைப்பிடி இல்லாத இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கண்ணாடி, சுவரோரம் பிடித்து நடக்க ஒரு கம்பி. கப்பியைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் தமிழில் எழுதுங்கள்: எந்தப் பக்கம் பாதிப்பு, விழுங்கும் சோதனை நடந்த தேதியும் முடிவும், எந்தப் பதத்தில் உணவு, எப்படித் தூக்க வேண்டும், என்னென்ன பயிற்சி எத்தனை தடவை, அடுத்து வர வேண்டிய நாள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். வாயில் முதல் மடக்கு இறங்கும் முன் விழுங்கும் சோதனையைக் கட்டாயமாக்குங்கள்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. வார்டிலிருந்து ஒருவர் வீடு திரும்பிய செய்தி அந்தந்த வட்டாரத்துப் பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை, அவராகத் தேடிக் கண்டுபிடிக்கும்போது தோள் இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் அன்றே அவருக்குத் தகவல் போகட்டும், ஏழு நாளுக்குள் முதல் வருகை நடக்கட்டும். ஸ்பீச் தெரபிஸ்ட் வாரத்தில் ஒரு நாளாவது தாலுகா மருத்துவமனைக்கு வர ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். நேரில் பேச வேண்டும் என்றால் எந்த வியாழக்கிழமையும் வருகிறோம். தரைத்தளத்தில் ஒரு அறையைச் சொல்லுங்கள், எங்களில் சிலருக்குப் படி ஏற இன்னும் வராது.

இப்படிக்கு,
பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், பிசியோதெரபி தருகிறவர்கள்